போர்மட் அடிக்க முன்: எந்த வரியை அழிக்கப் போகிறீர்கள்?

"அண்ணை, கொம்பியூட்டர் சரியான ஸ்லோ. ஒருக்கா போர்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தாங்கோ."

யாழ்ப்பாணத்தில் கணினி திருத்தும் எந்தக் கடையிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. கடைக்காரரும் "டீ (D) ட்ரைவில சாமான் ஏதும் இருக்கோ?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவார். அந்த ஒரு வசனத்துக்குள் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஹார்ட் டிஸ்க்கைத் துண்டுகளாகப் பிரிப்பது, அதில் ஒரு துண்டைப் போர்மட் செய்வது, அந்தத் துண்டுக்குள் இயங்குதளத்தை நிறுவுவது. மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு ஆளில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே செய்யத் தொடங்குபவர்கள்தான் பெரும்பாலும் பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் படங்களைத் தொலைக்கிறார்கள்.

இந்த வேலைக்கு இப்போது தேவையும் கூடியிருக்கிறது. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஓ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், கணினியை எழுப்பும் புதிய முறையான யூ.இ.எஃப்.ஐ. வேண்டும், ஓரளவு புதிய புரொசசர் வேண்டும் என்று கேட்கிறது. பத்து வருடத்துக்கு முந்திய லப்டொப் பெரும்பாலும் அந்தப் படியைத் தாண்டாது. அதனால் சிலர் லினக்ஸ் பக்கம் போகிறார்கள். சிலர் செக்கன்ட் ஹேண்ட் லப்டொப் ஒன்று வாங்கி 11 போடுகிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் நடுவில் ஒரு திரை வரும். டிஸ்க்கில் உள்ள துண்டுகள் வரிவரியாகத் தெரியும். எதை அழிக்க வேண்டும் என்று கேட்கும். இந்தக் கட்டுரை அந்தத் திரைக்காகத்தான்.

காணியும் வேலியும்

நான்கு பரப்புக் காணி ஒன்று இருக்கிறது என்று வைப்போம். நடுவில் வேலி போட்டு இரண்டாகப் பிரிக்கிறீர்கள். ஒரு துண்டில் வீடு, மற்றதில் தோட்டம். எந்தத் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது உறுதியில் எழுதப்பட்டிருக்கும். ஹார்ட் டிஸ்க்தான் அந்த முழுக் காணி. வேலியடைத்த ஒவ்வொரு துண்டும் ஒரு பார்ட்டிஷன். விண்டோஸ் இருக்கும் சீ (C) ட்ரைவும், மற்றச் சாமான்களை வைக்கும் டீ (D) ட்ரைவும் இப்படியான துண்டுகள்தான். உறுதியின் இடத்தில் இருப்பது பார்ட்டிஷன் அட்டவணை. டிஸ்க்கின் தொடக்கத்திலேயே அது எழுதப்பட்டிருக்கும்.

போர்மட் என்பது வேலியைத் தொடாமல், ஒரேயொரு துண்டுக்குள் மட்டும் நடக்கும் வேலை. சீயைப் போர்மட் செய்தால் டீக்கு ஒன்றும் ஆகாது. பார்ட்டிஷனை டிலீட் செய்வது வேலியைப் பிடுங்குவது. அட்டவணையையே புதிதாக எழுதுவது முழுக் காணிக்கும் புது உறுதி முடிப்பது போல. அப்போது பழைய துண்டுகள் எதுவும் கணக்கில் இருக்காது. ஒரே திரையில் இந்த மூன்றுக்குமான பட்டன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்பதுதான் வில்லங்கம்.

போர்மட் உண்மையில் எதை அழிக்கிறது?

டிஸ்க்குக்குக் கோப்பு என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இலக்கமிட்ட சிறு சிறு இடங்கள். "கலியாணம்" என்ற போல்டருக்குள் உள்ள படம் எந்தெந்த இடங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது என்று கணக்கு வைத்திருப்பது பைல் சிஸ்டம். விண்டோஸ் பாவிக்கும் என்.டி.எஃப்.எஸ். இந்தக் கணக்கை மாஸ்டர் பைல் டேபிள் என்ற ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் பொதுவாக 1 கேபி அளவில் ஒரு பதிவு இருக்கும்: பெயர், அளவு, திகதி, எங்கே கிடக்கிறது என்ற விபரம்.

விண்டோஸ் நிறுவும் திரையில் உள்ள போர்மட் பட்டன் செய்வது விரைவுப் போர்மட். பழைய கணக்கை விட்டுவிட்டு வெறுமையான புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்குகிறது, அவ்வளவுதான். அதனால்தான் 500 ஜிபி டிஸ்க்கும் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் படங்களின் தரவு இருந்த இடத்திலேயே கிடக்கும். மேலே வேறு ஏதும் எழுதப்படும்வரை டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களால் அவற்றில் பலதைத் திருப்பி எடுக்கலாம். ஆனால் புதிய விண்டோஸை நிறுவினால் குறைந்தது இருபது, முப்பது ஜிபி அந்த இடத்தின் மேலேயே எழுதப்படும். எது தப்பும், எது போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

முழுப் போர்மட் வேறு ரகம். விண்டோஸ் விஸ்டா தொடக்கம் அது துண்டு முழுவதிலும் பூச்சியம் எழுதுகிறது, பழுதான இடங்களையும் தேடிக் குறித்துக்கொள்கிறது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு ஒன்றரை மணித்தியாலம் போகலாம், டிஸ்க் கிழடு என்றால் இன்னும் கூட. இயங்குதளம் போடுவதற்கு இது தேவையில்லை. டிஸ்க்கில் பழுது இருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால், அல்லது லப்டொப்பை வேறொருவருக்கு விற்கப் போகிறீர்கள் என்றால் செய்யுங்கள். விற்பவர்கள் இதைப் பெரும்பாலும் செய்வதில்லை; சீயை மட்டும் விரைவுப் போர்மட் அடித்துவிட்டு, டீயில் அடையாள அட்டைப் பிரதியும் வங்கிப் புத்தகப் படமும் அப்படியே கிடக்கக் கைமாற்றிவிடுகிறார்கள்.

சுழலும் பாகம் இல்லாத புதிய வகை டிஸ்க்கான எஸ்.எஸ்.டி. என்றால் கதை மாறுகிறது. போர்மட் செய்ததும் விண்டோஸ் அந்த டிஸ்க்குக்கு ட்ரிம் என்ற கட்டளையை அனுப்பும். இனி இந்த இடங்கள் தேவையில்லை என்று தெரிந்ததும் எஸ்.எஸ்.டி. தன்பாட்டில் அவற்றைத் துடைக்கத் தொடங்கும். "போர்மட் அடிச்சாலும் ரிகவர் பண்ணலாம்" என்பது ஹார்ட் டிஸ்க் காலத்து ஆறுதல். எஸ்.எஸ்.டி.யில் போனால் போனதுதான் என்று நினைத்தே வேலை செய்யுங்கள்.

"சீயில ஒண்டும் இல்லை"

இதைச் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் டெஸ்க்டொப்பில் வைத்த அத்தனையும் சீயில்தான் இருக்கிறது. டொக்கியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே சீயில் யூசர்ஸ் என்ற போல்டருக்குள் உங்கள் பெயரில் உள்ள போல்டரின் பிள்ளைகள். கண்ணுக்கு முன்னால் திரையில் கிடப்பதால் அது சீக்கு வெளியே எங்கோ இருப்பதாகத் தோன்றுகிறது.

அதைவிட மறைவாக இருப்பவையும் உண்டு. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், புக்மார்க்குகள். அவுட்லுக் பாவிப்பவர்களின் பழைய மின்னஞ்சல்கள். கடை நடத்துபவர்கள் என்றால் பில் அடிக்கும் மென்பொருளின் தரவு. அந்த ஐக்கன் டெஸ்க்டொப்பில் இருக்கும், தரவோ சீக்குள் எங்கோ ஆழத்தில் இருக்கும். அந்த மென்பொருளுக்குள்ளேயே பக்கப் எடுக்கும் வசதி இருந்தால் அதால் எடுங்கள். போல்டரை அப்படியே கொப்பி பண்ணினால் சிலவேளை திரும்ப ஏறாது.

யாழ்ப்பாணத்துக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும்: பாமினி எழுத்துரு. கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூட வினாத்தாள், சனசமூக நிலையக் கூட்ட அறிக்கை, மரண அறிவித்தல் என்று எத்தனையோ கோப்புகள் இங்கே இன்னும் பாமினியில்தான் கிடக்கின்றன. பாமினி யுனிகோட் அல்ல. கோப்புக்குள் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. எழுத்துருக் கோப்பு சீயில் விண்டோஸ் போல்டருக்குள் உள்ள ஃபொண்ட்ஸ் போல்டரில் இருக்கும். சீயை அழித்தால் அதுவும் போய்விடும். டீயில் பத்திரமாக இருந்த வினாத்தாளைப் புது விண்டோஸில் திறந்ததும் வாசிக்க முடியாத ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், டீச்சர் "பைல் பழுதாப் போச்சு" என்று அழாக்குறையாக வருவார். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுத்துருவைத் திரும்ப நிறுவினால் தமிழ் வந்துவிடும். ஆனால் பாமினி என்ற பெயரில் பல பதிப்புகள் உலாவுகின்றன, ஒன்றில் வரும் குறியீடு மற்றதில் வராமல் போகலாம். ஆகவே நீங்கள் பாவித்த அதே கோப்பைப் போர்மட்டுக்கு முன் பென் ட்ரைவில் எடுத்து வையுங்கள். கூடவே ஃபொண்ட்ஸ் போல்டரில் நீங்களாகப் போட்ட மற்றவற்றையும் எடுங்கள்.

எங்கே எடுத்து வைப்பது? டீக்கு மாற்றினால் போதும் என்பார்கள். வரியை மாறி அமுக்காதவரை போதும்தான். ஆனால் சீயும் டீயும் ஒரே டிஸ்க். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். வெளியே உள்ள ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எடுங்கள். எடுத்ததும் அதிலிருந்து இரண்டு மூன்று படங்களைத் திறந்து பாருங்கள். பிறகு அதைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். நிறுவும் நேரத்தில் அது கணினியில் குத்தியிருக்கவே கூடாது.

அந்தத் திரை

விண்டோஸ் நிறுவும்போது "கஸ்டம்" என்ற வழியில் போனால் வரும் பட்டியலில் வரிகள் ஏறத்தாழ இப்படி இருக்கும். முதலாவது 100 எம்பி, சிஸ்டம். அடுத்தது 16 எம்பி. பிறகு 120 ஜிபி, பிரைமரி. அரை ஜிபி அளவில் ரிகவரி ஒன்று. கடைசியில் 345 ஜிபி, பிரைமரி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2 என்று இலக்கம்.

சீ எங்கே, டீ எங்கே? அந்த எழுத்துகள் டிஸ்க்கில் ஒட்டியிருப்பவை அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் வசதிக்கு வைத்த பெயர்கள் அவை; நிறுவும் சூழலில் வேறு மாதிரி வரும், அல்லது வராமலே விடும். கையில் இருக்கும் அடையாளம் அளவு மட்டும்தான். அதனால் பழைய விண்டோஸ் ஓடும்போதே அதிலுள்ள டிஸ்க் மனேஜ்மென்ட் என்ற கருவியைத் திறந்து, சீயின் அளவு, டீயின் அளவு, எத்தனையாவது துண்டு என்பதைப் பார்த்து ஒரு போன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டீக்கு ஒரு பெயரும் வைத்துவிடுங்கள், "தொடாதே" என்று ஆங்கில எழுத்தில் வைத்தாலும் சரி. அந்தப் பெயர் துண்டின் உள்ளேயே எழுதப்படுவதால் நிறுவும் திரையிலும் தெரியும். இரண்டு துண்டும் ஒரே அளவாக இருக்கும் டிஸ்க்குகளில் இந்தப் பெயர்தான் காப்பாற்றும்.

அளவைப் பார்க்கும்போது ஒரு சின்னக் குழப்பம் வரும். 500 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் 465 என்று காட்டும். களவு ஒன்றும் போகவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்குப் போடுகிறார், விண்டோஸ் 1024 ஆல் வகுத்துக் காட்டுகிறது. 1 டிபி டிஸ்க் 931 ஆகத் தெரிவதும் இதனால்தான்.

நீங்கள் பூட் செய்த (கணினியை எழுப்பிய) பென் ட்ரைவும் பட்டியலில் டிஸ்க் 1 என்றோ, சில கணினிகளில் டிஸ்க் 0 என்றோ வந்து நிற்கும். 8 ஜிபி, 16 ஜிபி என்ற அளவைப் பார்த்து அதை ஒதுக்கிவிடுங்கள்.

சரி, எதை அமுக்குவது? புதிதாகச் செய்பவருக்கு என் யோசனை இதுதான்: பழைய விண்டோஸ் இருந்த வரியை மட்டும் தெரிவுசெய்யுங்கள், போர்மட் கொடுங்கள், அதே வரி தெரிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். சின்னச் சின்ன வரிகளைத் தொட வேண்டாம். அந்த 100 எம்பி துண்டில்தான் கணினி எதை வைத்து எழும்புவது என்ற பூட் கோப்புகள் இருக்கின்றன. துண்டுகளையெல்லாம் டிலீட் செய்துவிட்டு வெறுமையான இடத்தில் நிறுவுவது இன்னும் துப்புரவானதுதான், தேவையான சின்னத் துண்டுகளை விண்டோஸ் தானே உருவாக்கிக்கொள்ளும். டிஸ்க்கில் காப்பாற்ற எதுவும் இல்லாதபோது அப்படிச் செய்யலாம்.

போர்மட் செய்யாமலே அந்த வரியில் நிறுவினால்? பழைய விண்டோஸும் உங்கள் போல்டர்களும் விண்டோஸ்.ஓல்ட் என்ற போல்டருக்குள் தள்ளப்படும். பக்கப் எடுத்தது முழுமையா என்று சந்தேகம் உள்ளவர்களுக்கு இது நல்ல வழி, இடம் போதுமானால். வைரஸ் பிடித்த கணினி என்றால் வேண்டாம்.

சிலவேளை "இந்த டிஸ்க்கில் எம்.பி.ஆர். அட்டவணை இருக்கிறது, ஜி.பி.டி. டிஸ்க்கில்தான் நிறுவலாம்" என்ற பொருளில் ஒரு எச்சரிக்கை வந்து வழியை மறிக்கும். எம்.பி.ஆர். பழைய முறை. 1983 இல் வந்தது. நான்கு பிரைமரி துண்டுகள்தான் கொள்ளும், 2 டிபிக்கு மேல் எட்டாது. ஜி.பி.டி. புதியது, விண்டோஸில் 128 துண்டுகள்வரை வைக்கலாம். இந்த எச்சரிக்கைக்கு யூடியூபில் கிடைக்கும் முதல் வைத்தியம் டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவியைத் திறந்து "கிளீன்" என்று அடிப்பது. அது அட்டவணையையே அழிக்கும். டீயும் சேர்ந்து போகும். வீடியோவில் பேசுபவர் அதைச் சொல்ல மறந்திருப்பார், ஏனென்றால் அவருடைய டிஸ்க் வெறுமை. விண்டோஸ் 10 இலேயே எம்.பி.ஆர்-இலிருந்து ஜி.பி.டி-க்குத் தரவை அழிக்காமல் மாற்றும் கருவி ஒன்று உண்டு, பெயர் எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. பக்கப் எடுத்துவிட்டு அதை முயன்று பாருங்கள்.

இன்னொரு பொறி பிட்லொக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. புதிய லப்டொப்புகளில் உங்களைக் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். சீயைப் போர்மட் செய்யத் திறப்பு தேவையில்லை. அழிப்பதற்கு எதற்குத் திறப்பு? ஆனால் டீயும் பூட்டப்பட்டிருந்தால், அதைத் தானாகத் திறந்துகொண்டிருந்தது சீயில் இருந்த விண்டோஸ். அது போனதும் டீ 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கும். உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று முன்பே பார்த்து எழுதி வையுங்கள், அல்லது டீயின் பூட்டை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

லினக்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு

உபுண்டு நிறுவும்போது கண்ணில் படும்படி இருக்கும் தெரிவு "டிஸ்க்கை அழித்து உபுண்டுவை நிறுவு" என்பது. அதில் டிஸ்க் என்றால் முழு டிஸ்க். விண்டோஸ் பழக்கத்தில் சீதான் அழியும் என்று நினைத்து இதை அமுக்கினால் 345 ஜிபி டீயும் போய்விடும். டீயை வைத்திருக்க வேண்டுமானால் கையால் பிரிக்கும் தெரிவுக்குப் போங்கள். பழைய சீ துண்டை லினக்ஸின் பைல் சிஸ்டமான ஈ.எக்ஸ்.டி.4 ஆகப் போர்மட் செய்து, அதை ரூட் (இயங்குதளம் இருக்கும் இடம்) என்று குறித்துவிடுங்கள். உபுண்டுவுக்கு 25 ஜிபியாவது வேண்டும். டீ என்.டி.எஃப்.எஸ். ஆகவே இருக்கட்டும், லினக்ஸ் அதை வாசிக்கும், எழுதும். 100 எம்பி துண்டைப் பூட் செய்வதற்கான துண்டாகக் காட்டுங்கள், போர்மட் கட்டத்தில் சரி போட வேண்டாம். விண்டோஸையும் வைத்துக்கொண்டு இரண்டும் ஓட வேண்டும் என்பவர்களுக்கு இது மிக முக்கியம். அப்படி இரண்டையும் வைத்திருப்பவர்கள் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் அரைத்தூக்கத்தில் இருப்பதாகக் கருதி, லினக்ஸ் அந்தத் துண்டுகளில் எழுத மறுக்கும்.

பென் ட்ரைவை எந்த முறையில் போர்மட் செய்வது என்ற கேள்வி அடிக்கடி வரும். பூட் பென் ட்ரைவ் என்றால் ரூஃபஸ் போன்ற மென்பொருள் அதைப் பார்த்துக்கொள்ளும். வெறுமனே கோப்புக் கொண்டு திரிவதற்கு எக்ஸ்.ஃபாட் போதும். ஃபாட் 32 இல் 4 ஜிபிக்குப் பெரிய கோப்பு ஏறாது, இடம் காலியாக இருந்தாலும் ஏறாது.

கரண்ட் போனால்?

விரைவுப் போர்மட் நடக்கும் சில விநாடிகளில் கரண்ட் போனால் பெரிய நட்டம் இல்லை. எப்படியும் அழிக்கப்போன துண்டு, திரும்ப ஒருக்கா செய்யலாம். நிறுவும்போது போனாலும் மறுபடி தொடங்கலாம். பயப்பட வேண்டியது துண்டுகளைச் சுருக்கி நகர்த்தும் வேலைக்குத்தான். தரவு பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலும் இருக்கும் நேரத்தில் கணினி அணைந்தால் டீயும் கந்தலாகிவிடும். டெஸ்க்டொப் கணினியில் யூ.பி.எஸ். இல்லாமல் அந்த வேலையைத் தொடக் கூடாது. லப்டொப் என்றால் பற்றரி நிரம்பியிருக்கட்டும், சார்ஜரும் குத்தியிருக்கட்டும்.

நிறுவிய பிறகு வைஃபை வேலை செய்யாமல் போகலாம், அதை இயக்கும் மென்பொருளான ட்ரைவர் சீயோடு போயிருக்கும். முதல்நாளே அதைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி பென் ட்ரைவில் வையுங்கள். இயங்குதளத்தை நிறுவுவதற்கான ஐ.எஸ்.ஓ. கோப்பு பல ஜிபி வரும், அதையும் இரவு டேட்டாவில் இறக்கிவிடலாம்.

எல்லாம் ஏறிய பிறகு, கோப்புகளைத் திரும்பப் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்து வைத்தால் நல்லது. டொக்கியுமென்ட்ஸ் போல்டரில் வலது கிளிக் செய்து புரொபர்ட்டீஸ், அதில் லொக்கேஷன் என்ற பகுதிக்குப் போய் அதை டீக்கு மாற்றிவிடுங்கள். பிக்சர்ஸ், டவுன்லோட்ஸுக்கும் அப்படியே. ஆனால் டீ ட்ரைவையே நேரடியாக இடமாகக் கொடுத்துவிடாதீர்கள். டீக்குள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் போல்டர் உருவாக்கி அதைக் கொடுங்கள். வெறும் டீயைக் கொடுத்தால் ட்ரைவ் முழுவதுமே டொக்கியுமென்ட்ஸ் என்று ஆகி, பிறகு பழையபடி மாற்றுவது பெரிய தலையிடி.